பழைய படத்தில் நிற்கும் டாங்கி எது? சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு படம் இருந்தது. 6 சென்டிமீட்டருக்கு 9 சென்டிமீட்டர், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மூன்று ஆண்கள் ஒரு டாங்கியின் மூக்குப் பக்கமாக நிற்கிறார்கள். ஓரத்தில் வேட்டியை மடித்துக் கட்டி நிற்பவர் என் ஐயா, அப்பாவின் அப்பா. தேவிபட்டினத்துக்காரர். மலாயாவுக்குக் கப்பலேறிப் போய் மூவார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். "வெள்ளைக்காரன் போட்டுட்டு ஓடுன டாங்கி" என்று அப்பத்தா சொல்லும். வீட்டில் எல்லோரும் அதையே சொல்லி வந்தோம். உண்மையில் அது ஜப்பான்காரன் டாங்கி. ஒரு பக்கத்துச் சக்கரங்களை ஒழுங்காகப் பார்த்திருந்தால் என்றைக்கோ தெரிந்திருக்கும்.

ராமநாதபுரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பழைய படங்களை ஸ்கேன் செய்து பெரிதாக்கக் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் கடற்கரைக்காரர்கள். தொண்டி, கீழக்கரை, மண்டபம், பாம்பன் என்று எந்த ஊரை எடுத்தாலும் மலாயா, பர்மா, இலங்கை போய்வந்த குடும்பங்கள் இருக்கும். பட்டாளத்துக்குப் போனவர்களும் உண்டு. அவர்கள் கொண்டுவரும் படங்களில் அவ்வப்போது ஒரு டாங்கி தலைகாட்டும். "இது என்ன வண்டி?" என்று கேட்பார்கள். எனக்குப் பல வருடம் பதில் தெரியாது. கற்றுக்கொண்ட வழியைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் படத்தைக் காப்பாற்றுங்கள்

நம் ஊர் உப்புக்காற்றும் ஈரமும் படத்தைச் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்ட வைத்துவிடும். ஒட்டிய படத்தைப் பிரிக்காதீர்கள். தொடக்க காலத்தில் ஒரு படத்தைத் தண்ணீர் தொட்டுப் பிரிக்கப் போனேன். கீழ்ப்பகுதி முழுக்கக் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. போனது சக்கரங்கள் இருந்த பகுதி. அந்தக் குடும்பத்துக்கு அந்த வண்டி எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கண்ணாடியோடு வைத்தே ஸ்கேன் செய்யலாம், நன்றாகவே வரும்.

அளவு சின்னது என்று அலட்சியம் வேண்டாம். பெட்டிக் கேமரா காலத்தில் நெகட்டிவை அப்படியே தாளின் மேல் வைத்து அச்சடித்திருப்பார்கள். பெரிதாக்கி அச்சடித்த படத்தை விட அதில் விவரம் கூர்மையாக இருக்கும். 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் வெயில் நேரடியாகப் படாத திண்ணையில் படத்தைப் படுக்க வைத்து, போனை நேர் மேலே பிடித்து எடுங்கள்.

படத்தைத் தெளிவாக்கித் தரும் ஏஐ ஆப்களை மட்டும் இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். மங்கிய இடத்தில் அவை தாமாகவே ஒன்றை வரைந்துவிடும். நான்கு சக்கரம் ஐந்தாகும், இல்லாத ஆணி முளைக்கும். முகத்துக்கு அழகாக இருக்கலாம். அடையாளம் காண உதவாது.

பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பென்சில் எழுத்து அழிந்ததுபோல் இருந்தால் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். அழுத்தி எழுதிய பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து மேலே வரும். ஸ்டூடியோ முத்திரை, ஊர்ப் பெயர், தேதி எது கிடைத்தாலும் லாபம்.

எந்த ஊர், எந்த வருடம்

வண்டியைப் பார்ப்பதற்கு முன் படம் எங்கே, எப்போது எடுத்தது என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே நூற்றுக்கணக்கான வண்டிகள் கழிந்துவிடும்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கியபோது அங்கே பிரிட்டிஷ் தரப்பிடம் டாங்கியே கிடையாது. 1942 ஜனவரி கடைசியில்தான் சில பழைய இலகு டாங்கிகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. ஆக, ஜப்பானியர் முன்னேறிய அந்த நாட்களில் மலாயாத் தோட்டத்தோரம் முடங்கிக் கிடந்த டாங்கி என்றால் ஜப்பானியருடையதாக இருக்கவே அதிக வாய்ப்பு. அப்பத்தா சொன்ன கதை இந்த இடத்திலேயே ஆட்டம் கண்டுவிட்டது.

பர்மா அப்படி இல்லை. 1942-ல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படையிடம் அமெரிக்கத் தயாரிப்பான ஸ்டூவர்ட் இருந்தது. 1944-ல் இம்பால், கோஹிமா பக்கம் லீ டாங்கிகள் மலையேறின. 1945-ல் மெய்க்டிலாவை நோக்கி ஷெர்மன்கள் போயின. எதிரில் ஜப்பானியரின் டைப் 95-ம் டைப் 97-ம். பட்டாளத்தில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் பிரிவில் இருந்தவர் வீட்டுப் படம் என்றால் பாலம் போடும் வாலன்டைன் வண்டியையும் மனதில் வையுங்கள். அதற்கு மேலே டரட் இருக்காது, முதுகில் மடித்த பாலம் இருக்கும். டரட் என்பது பீரங்கியோடு சுற்றும் தலைப்பகுதி.

1965 என்றால் பஞ்சாப் எல்லை. பிடிபட்ட பாகிஸ்தானின் பேட்டன் டாங்கி மேல் ஏறி நின்று எடுத்த படங்கள் நிறைய. 1971-ல் வங்கதேசம் என்றால் நம் பக்கம் நீரிலும் ஓடும் பிடி-76, எதிர்ப்பக்கம் எம்24 சாஃபி. 1987-ல் யாழ்ப்பாணம் என்றால் இந்திய அமைதிப்படையின் டி-72.

கீழேயிருந்து மேலே

கரையில் நிற்கிற மீனவர் தூரத்தில் வருகிற படகைப் பாயையோ கொடியையோ பார்த்துச் சொல்வதில்லை. பாய் மாறும், பெயிண்ட் மாறும். அணியத்தின் வளைவையும் உடம்பின் வாட்டத்தையும் பார்த்துத்தான் சொல்வார். டாங்கிக்கும் அதே கதைதான். புதியவர்கள் எல்லோரும் முதலில் பீரங்கியைப் பார்ப்பார்கள். பீரங்கி நம்மை ஏமாற்றும். கேமராவை நோக்கி நீட்டியிருந்தால் குட்டையாகத் தெரியும். கைவிட்ட வண்டியில் கழற்றி எடுத்திருப்பார்கள். ஜப்பானியரின் டைப் 97-ல் ஒரே உடம்பில் முதலில் குட்டையான 57 மில்லிமீட்டர் பீரங்கி இருந்தது, பிறகு வேறு டரட்டோடு நீளமான 47 மில்லிமீட்டர் வந்தது. சக்கர அமைப்பு அவ்வளவு எளிதில் மாறாது.

வண்டியின் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த வரிசையில் போங்கள்.

தரையில் உருளும் சக்கரங்கள் எத்தனை? செயினின் இரண்டு முனையிலும் இருக்கும் சக்கரங்களை இதில் சேர்க்காதீர்கள். அப்புறம், அவை சம அளவா? சம இடைவெளியா, இரண்டிரண்டாக ஜோடியா? வாலன்டைனுக்கு ஆறு சக்கரம். முதலும் கடைசியும் பெரிது, நடுவில் நான்கு சிறிது. ஒருமுறை பார்த்தால் மறக்காது. சோவியத்தின் டி-54, டி-55 இரண்டுக்கும் ஐந்து சக்கரம். முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் மட்டும் பல் விழுந்ததுபோல் ஒரு பெரிய இடைவெளி. அதன் தம்பி டி-62-க்கும் ஐந்துதான், ஆனால் இடைவெளிகள் பின்பக்கம் போய்விடும். டி-72-க்கு ஆறு பெரிய சக்கரங்கள்.

அடுத்து செயினின் மேல்பக்கம். அதைத் தாங்கச் சின்ன உருளைகள் இருக்கின்றனவா, எத்தனை? டி-55-ல் கிடையாது, செயின் நேராகச் சக்கரங்களின் மேலேயே தொய்ந்து கிடக்கும். டைப் 95-ல் இரண்டு, டைப் 97-ல் மூன்று.

பிறகு பல்சக்கரம், அதாவது இன்ஜின் விசையில் சுற்றிச் செயினை இழுப்பது. முன்னால் இருக்கிறதா, பின்னாலா? இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்க, ஜப்பானிய டாங்கிகளில் முன்னால். பிரிட்டனின் வாலன்டைன், மட்டில்டா, சர்ச்சில் வகைகளிலும் டி-34, டி-55 போன்ற சோவியத் டாங்கிகளிலும் பின்னால். பிரிட்டனின் பழைய விக்கர்ஸ் இலகு டாங்கிகளில் மட்டும் முன்னால் இருக்கும். அதை விதிவிலக்காக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகே உடம்பு. தகடுகளை ஆணி அடித்துச் சேர்த்திருக்கிறார்களா, வெல்டிங்கா, மொத்தமாக வார்த்ததா? வார்ப்பு உடம்பில் விளிம்புகள் சோப்புக்கட்டி தேய்ந்ததுபோல் வழவழப்பாக இருக்கும். டரட்டும் பீரங்கியும் கடைசியில்.

டரட்டைப் பார்க்காமல் முடியாத இடமும் உண்டு. லீ, ஷெர்மன் இரண்டுக்கும் கீழே ஒரே மாதிரி ஆறு சக்கரம், மூன்று ஜோடி. மேலே பார்த்தால்தான் வித்தியாசம். லீயின் உடம்பிலேயே வலப்பக்கம் ஒரு 75 மில்லிமீட்டர் பீரங்கி, உச்சியில் சின்ன டரட்டில் 37 மில்லிமீட்டர் பீரங்கி. ஷெர்மனில் பெரிய பீரங்கி டரட்டில் இருக்கும். பேட்டனிலும் இதே பாடு. எம்47-க்கும் எம்48-க்கும் ஆறு சக்கரம்தான். முன் உடம்பு தட்டையாக, டரட் பின்பக்கம் நீண்டிருந்தால் எம்47. மூக்கு படகுபோல் வளைந்து, டரட் ஆமை ஓடு மாதிரி கவிழ்ந்திருந்தால் எம்48.

ஐயா படத்தில் பார்த்தது

ஒரு பக்கத்தில் நான்கு தரைச் சக்கரங்கள், இரண்டிரண்டாக. இதை வைத்து முதலில் ஸ்டூவர்ட் என்று எழுதிவிட்டேன். அதற்கும் நான்குதான், அதுவும் இரண்டு ஜோடி. ஸ்டூவர்ட், ஜப்பானியரின் டைப் 95 இரண்டுமே இலகு டாங்கிகள், இரண்டிலும் 37 மில்லிமீட்டர் பீரங்கி. புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது, நிதானமாகப் பாருங்கள்.

முதலில் பின் முனைச் சக்கரம். ஸ்டூவர்ட்டில் அது பெரிதாக இருக்கும், தரையைத் தொட்டபடி கிடக்கும். அவசரத்தில் எண்ணினால் ஐந்து சக்கரம் என்றுகூடத் தோன்றும். ஐயா படத்தில் பின் முனைச் சக்கரம் தரையிலிருந்து மேலே தூக்கி நிற்கிறது. இடையில் புல் தெரிகிறது.

அடுத்து, இரண்டு ஜோடிகளுக்கும் நடுவே என்ன இருக்கிறது? ஸ்டூவர்ட்டில் ஒவ்வொரு ஜோடிக்கும் தன் ஸ்பிரிங் செங்குத்தாகத் தன் கட்டுக்குள்ளேயே இருக்கும். ஐயா படத்தில் உடம்பின் பக்கவாட்டில் படுக்கை வசமாக ஒரு குழாய் ஓடுகிறது. தண்ணீர்க் குழாய் மாதிரி. அதற்குள்தான் ஸ்பிரிங். இந்தக் குழாய் தெரிந்தவுடன் ஜப்பானிய வண்டி என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. மேல் உருளைகள் இரண்டு. உடம்பின் பக்கம் வயிறு புடைத்ததுபோல் வளைந்திருக்கிறது. டைப் 95 ஹா-கோ.

உயரத்தையும் சரிபார்த்தேன். ஐயா ஐந்தரை அடி என்பது அப்பாவின் நினைவு, 168 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். படத்தில் அவர் 22 மில்லிமீட்டர், டாங்கி 29 மில்லிமீட்டர். 168-ஐ 29-ஆல் பெருக்கி 22-ஆல் வகுத்தால் 221 சென்டிமீட்டர், 7 அடிக்கு மேல் மூன்று அங்குலம். ஹா-கோ சுமார் 7 அடி உயரம். ஷெர்மன் 9 அடி, லீ 10 அடிக்கு மேல். ஆள் டாங்கியை ஒட்டி நிற்க வேண்டும், கேமரா பக்கம் தள்ளி நின்றால் கணக்கு தவறும். ஒரு அடி முன்னே பின்னே ஆகலாம் என்பதால் இந்தக் கணக்கை வைத்து மட்டும் பெயர் வைக்காதீர்கள். வேறு வழியில் கண்டுபிடித்ததைச் சரிபார்க்கவே இது.

அந்தப் பெயரில் இருக்கும் எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பானியர் தங்கள் அரசாண்டுக் கணக்கின் கடைசி இரண்டு இலக்கத்தை வண்டிக்குப் பெயராக வைத்தார்கள். டைப் 95 என்றால் அவர்களின் 2595, நமக்கு 1935. டைப் 97 என்றால் 1937. கடைசி இரண்டு எண்ணிலிருந்து 60-ஐக் கழித்தால் நம் வருடம் வந்துவிடும். வண்டி எந்தக் காலத்தில் வடிவமைத்தது என்று பெயரே சொல்லும்.

மூவாரை அடுத்த பக்ரியில் 1942 ஜனவரி 18 அன்று ஆஸ்திரேலியர்களின் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் ஹா-கோ டாங்கிகள் ஒன்பதை அடித்து முடக்கின. அந்தச் சாலையில் எடுத்த படம் ஒன்று ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஐயா நிற்பது அந்த ஒன்பதில் ஒன்றின் பக்கத்திலா? ஊரும் பொருந்துகிறது, வண்டியும் பொருந்துகிறது. ஆனால் சாலை, மரம், வேறு வண்டி என்று பொருத்திப் பார்க்கப் படத்தில் ஒன்றும் இல்லை. ஆகவே அப்படி எழுதி வைக்கவில்லை. ஆசையாகத்தான் இருந்தது.

இடம் வலம் மாறிய படம்

நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்தால் இடம் வலமாகிவிடும். டாங்கி விஷயத்தில் இது பெரிய தொல்லை. பல வண்டிகளின் அடையாளமே ஒரு பக்கத்தில்தான் இருக்கும். லீயின் பெரிய பீரங்கி வண்டியின் வலப்பக்கம். நாம் எதிரே நின்று பார்த்தால் நமக்கு இடப்பக்கம் தெரிய வேண்டும். வலப்பக்கம் தெரிந்தால் புதிய டாங்கி கண்டுபிடித்துவிட்டதாக நினைக்காதீர்கள், படம் திரும்பியிருக்கிறது. ஆண்களின் சட்டையில் இடப்பக்கத் துணி மேலே வந்து வலப்பக்கத்தின் மேல் படியும். அதைப் பாருங்கள். எழுத்து எங்காவது இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

டாங்கி மாதிரி இருப்பவை

கொண்டுவரும் படங்களில் நிறைய உண்மையில் டாங்கியே இல்லை. செயின் இருக்கும், மேலே மூடி இருக்காது, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் தோள் தெரியும், ஒரு பக்கத்துக்கு மூன்று சக்கரம்: முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒற்றை. அது யூனிவர்சல் கேரியர், பட்டாளத்துக்காரர்கள் பிரென் கேரியர் என்பார்கள். செயினே இல்லாமல் நான்கு டயரில் கவசப் பெட்டிபோல் நின்றால் அது இந்தியாவிலேயே கட்டிய இண்டியன் பேட்டர்ன் கேரியராக இருக்கலாம். ஃபோர்டு சேசிஸின் மேல் டாடாவின் கவசத் தகட்டைப் பூட்டிச் செய்தது. 'டாடாநகர்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. அதை வெளிநாட்டுப் புத்தகங்களில் தேடிக் களைத்தவர்கள் உண்டு.

இலங்கை போய்வந்தவர்கள் ஆனையிறவில் எடுத்த படத்தைக் காட்டி "டாங்கி" என்பார்கள். சாலையோரம் நிறுத்தியிருக்கும் அது 1991 சண்டையில் வந்த, கவசம் பூட்டிய புல்டோசர். அந்தப் பக்கத்துப் படங்களை அகதியாக இங்கே வந்த குடும்பங்களும் வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் வண்டியைப் பற்றிக் கேட்பதற்கு முன், படத்தில் இருப்பவர்களைப் பற்றிக் கேளுங்கள். முகம் தெரிகிற எந்தப் படத்தையும் அவர்கள் சம்மதம் இல்லாமல் வெளியே பகிராதீர்கள்.

குறிகளும் நிறமும்

டாங்கியின் மேல் இருக்கும் குறி வண்டியின் வகையைச் சொல்லாது, யாரிடம் இருந்தது என்பதைத்தான் சொல்லும். பர்மாவில் பிடித்த ஸ்டூவர்ட்களை ஜப்பானியர் தாங்களே ஓட்டினார்கள். ஆகவே ஜப்பான் கொடி வரைந்திருக்கிறது என்பதற்காக ஜப்பானிய டாங்கி ஆகிவிடாது. பிரிட்டிஷ் வழக்கத்தில் டரட் மேல் முக்கோணம் என்றால் ஏ ஸ்குவாட்ரன், சதுரம் பி, வட்டம் சி, வைரம் தலைமைப் பிரிவு. குடும்பத்தில் பட்டாளக் காகிதம் இருந்தால் இதோடு ஒப்பிடலாம்.

கறுப்பு வெள்ளையில் நிறத்தை ஊகிக்கவே வேண்டாம். சிவப்பைப் பதியாத பழைய ஃபிலிம் வகை உண்டு. அதில் சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப் போகும்.

ஒப்பிட்டுப் பார்க்க

ஒரு படத்தோடு மட்டும் ஒப்பிட்டு முடிவுக்கு வராதீர்கள், மூன்று நான்காவது வேண்டும், வேறு வேறு கோணத்தில். லண்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகம், ஆஸ்திரேலியப் போர் நினைவகம் இரண்டும் பழைய படங்களை இணையத்தில் விவரத்தோடு வைத்திருக்கின்றன. நேரில் பார்க்க மகாராஷ்டிரத்தின் அகில்யாநகரில் (பழைய பெயர் அகமத்நகர்) குதிரைப்படை டாங்கி அருங்காட்சியகம் உண்டு. வாலன்டைன், சென்சூரியன், ஜப்பானிய டாங்கிகள் எல்லாம் வெட்டவெளியில் நிற்கின்றன, சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், ஆவடியில் செய்து ஓய்வுபெற்ற விஜயந்தா ஒன்று எந்த ஊரிலாவது நினைவுச் சின்னமாக நின்றால் அதன் பக்கத்தில் அரைமணி நேரம் செலவழியுங்கள். பல்சக்கரம் எது, மேல் உருளை எது என்று கையால் தொட்டுப் பார்த்தவருக்குப் படத்தில் மங்கலாகத் தெரிந்தாலும் பிடிபடும்.

எழுதி வைப்பது

கண்டுபிடித்ததை எழுதும்போது மூன்று சொல்லில் ஒன்றைக் கட்டாயம் சேர்த்து எழுதுங்கள்: உறுதி, அநேகமாக, இருக்கலாம். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். நாளைக்கு இன்னொருவர் வந்து தவறு என்று காட்ட அந்த வரிதான் வழி. வீட்டுக் கதை பொய்த்துப் போனாலும் அதைத் தூக்கி எறியாமல் அதன் பெயரிலேயே பக்கத்தில் எழுதி வையுங்கள்.

படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுத வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் புடைத்துவிடும். மென்மையான பென்சிலால் காகித உறையின் மேல் எழுதி, அப்புறம் படத்தை உள்ளே வையுங்கள். பிளாஸ்டிக் உறை நம் கடற்கரைக்கு ஆகாது, ஈரத்தைப் பிடித்துக்கொண்டு படத்தோடு ஒட்டிவிடும்.

ஐயா படத்தின் உறையில் இப்படி எழுதியிருக்கிறேன்: "மலாயா, மூவார் பக்கம். ஓரத்தில் வேட்டியில் நிற்பவர் ஐயா. ஜப்பானிய டைப் 95 ஹா-கோ இலகு டாங்கி: உறுதி. நான்கு சக்கரம் இரண்டு ஜோடி, படுக்கைக் குழாய், மேல் உருளை இரண்டு, பின் முனைச் சக்கரம் தரை தொடவில்லை. 1942: அநேகமாக. வெள்ளைக்காரன் விட்டுப்போனது என்று அப்பத்தா சொன்னது."